எரிகோ மதிலுக்கு ஒரு சாட்சி

தாராளமா உக்காரும்மா. இந்தப் பையை மடியில வச்சுக்கிடுதேன். திருச்செந்தூருக்கா? வேண்டுதலா? நல்லது, நல்லது. நான் அவ்வளவு தூரம் வரலை, எபனேசர்புரம் விலக்குல எறங்கிருவேன். டவுன்ல ஒரு விசாரணைன்னு வந்தேன். கோர்ட்டு இல்ல, எங்க சபை விசாரணை. ஒரு மனுசனை முடிச்சுட்டு வாறேன். அப்படிப் பாக்காத. கத்தி கித்தி ஒண்ணும் இல்ல. வாயாலதான்.

என் பேரு லில்லிபுஷ்பம். சரித்திர டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. ஊர்ல யாரும் பேரைச் சொல்ல மாட்டாங்க, ஐயரம்மாம்பாங்க. எங்க சபையில குருவானவரை ஐயர்னுதான் கூப்பிடுவோம், இந்தப் பக்கத்துப் பிள்ளைன்னா உனக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க வீட்டுக்காரர் ஞானாதிக்கம் ஐயர். ரெண்டு வருசம் ஆகப் போகுது தவறி. ஆகஸ்ட் மாசம். காலை ஆராதனை முடிச்சு வீட்டுக்கு வந்து, அங்கியைக் கழத்தி ஆணியில மாட்டினாக. மாட்டுன கை எறங்கலை. அப்படியே சரிஞ்சிட்டாக. அதை விடு. நான் சொல்ல வந்தது அது இல்ல.

எரிகோன்னு கேள்விப்பட்டிருக்கியா? உங்க வீடுகள்ல தெரிஞ்சிருக்காது. எங்க வேதத்துல வாற ஒரு ஊரு. இஸ்ரவேல் சனம் எகிப்துல அடிமையாக் கெடந்து, தப்பிச்சு, பாலைவனமெல்லாம் அலைஞ்சு, கடைசியில கானான் நாட்டு வாசல்ல வந்து நிக்கி. மொத ஊரு எரிகோ. பெரிய மதில். யோசுவாதான் அப்ப தலைவர். ஏழு நாள் அந்த ஊரைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. ஏழாம் நாள் எக்காளம் ஊதி, சனம் மொத்தமும் ஒரே குரலாச் சத்தம் போட்டதும் மதில் விழுந்துட்டு. அதான் சங்கதி.

எங்க ஐயர் இதைப் பிரசங்கம் பண்ணுனாக் கேக்கணும். எந்தச் சபைக்கு மாத்தலாகிப் போனாலும் மொத வருசமே எரிகோ. மதில் விழுற இடம் வரும்போது பிரசங்க மேடையை உள்ளங்கையால ஒரு அடி அடிப்பாக. தூங்குற கெழவன் எல்லாம் முழிச்சுக்கிடுவான். கடைசியில சொல்லுவாக, "இதைக் கட்டுக்கதைன்னு சொல்லுதவன் இருக்கான். வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் நேர்ல போய்த் தோண்டிப் பாத்துட்டார். விழுந்த மதில் விழுந்த மேனிக்கு அங்கன கெடக்கு" அப்படின்னு. அதைக் கேட்டதும் சனத்துக்கு முதுகு நிமிரும், பாத்துக்கோ. எனக்கும்தான். முன் பெஞ்சுல உக்காந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். கேக்கும்போதெல்லாம் புதுசாத்தான் இருக்கும்.

அவுக தவறுன அந்த வருசம் நவம்பர்ல, கோயில் சுவத்துல அவுக பேருக்கு ஒரு கல் பதிச்சாங்க. நல்ல கல், நல்ல எழுத்து. அன்னைக்கு ராத்திரியே கன்வென்ஷன், வருசா வருசம் நடக்குத கூட்டம், ஆரம்பம். வேதபாடம் எடுக்கதுக்கு, எங்க திருமண்டலத்து வேத பாடசாலையில இருந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. டாக்டர் சைலஸ் தங்கதுரை. நாப்பது வயசு இருக்கும். ஒல்லி. பழைய ஏற்பாட்டுல டாக்டர் பட்டம். இஸ்ரவேல் நாட்டுக்கே போய் வெயில்ல உக்காந்து மண்ணு தோண்டுனவன்னு அறிமுகம் பண்ணினாங்க. வேதத்துல உள்ளதுக்குப் பூமிக்குள்ள என்ன சாட்சி கிடைச்சிருக்கு, என்ன கிடைக்கலை, எதை எவ்வளவு தூரம் நம்பலாம், இதான் தலைப்பு. நல்லாத்தான் பேசுனான், இல்லைங்கலை. முடிச்சதும் கேள்வி கேக்கலாம்னாங்க. எங்க சபை மூப்பர் ஒருத்தர் எந்திரிச்சு, "எங்க ஞானாதிக்கம் ஐயர் எரிகோ மதிலைக் கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்லுவாங்களே, அதைக் கொஞ்சம் வெளக்குங்க" அப்படின்னார். பெருமையாத்தான் கேட்டார், பாவம்.

அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? எனக்கு ஒரு எழுத்து மறக்கலை. "ஐயா காலத்துல கிடைச்ச புஸ்தகத்துல அப்படித்தான் இருந்தது. நானும் அதைப் படிச்சு வளந்தவன்தான். பொறவு ஒரு அம்மையார் அங்க போய்த் திரும்பத் தோண்டுனாங்க. அந்த மதில் யோசுவா காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் வருசம் முந்தியே விழுந்ததுன்னு தெரிஞ்சுது. யோசுவா காலத்துல அங்க மதில் இருந்ததுக்கே அடையாளம் கிடைக்கலை. ஐயா தெரிஞ்சு தப்பாச் சொல்லலை. அவங்க கையில கிடைச்சதை வச்சு உண்மையாச் சொன்னாங்க."

கேட்டியா? என்ன நைச்சியம்! தேன்ல தொட்ட ஊசி. செத்து மூணு மாசம் ஆகலை, கல்லு பதிச்ச சிமென்ட் காயலை, அவுக நின்ன மேடையிலேயே நின்னுக்கிட்டு, அவுக சொன்னது தப்புன்னு சொல்லுதான். அதுல "ஐயா" வேற. அப்ப கூட்டத்துல ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுது. கொயர்ப் பாட்டுப் பிள்ளைக உக்காந்திருக்க பக்கம். யாருன்னு திரும்பிப் பாக்கலை. ஆனா கேட்டுது. எம்மவ ஷெரின் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா, பெங்களூர்ல இருந்து கல்லு பதிக்க வந்தவ. "அம்மா, யாரும் சிரிக்கலைம்மா. ஒரு பிள்ளை தும்முச்சு" அப்படிங்கா. அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே காது கொஞ்சம் மந்தம்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இவனை இவன் தொழில்லயே கவுக்கணும். முப்பத்தோரு வருசம் சரித்திரம் நடத்துனவ நான். அசோகர் கல்வெட்டுல இருந்து ஆதிச்சநல்லூர்த் தாழி வரைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவ. எத்தனை பெரிய படிப்பாளியா இருந்தாலும் எங்கயாவது ஒரு இடத்துல சறுக்கியிருப்பான். அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு, அதே மேடைக்கு முன்னால, அதே சனத்துக்கு முன்னால வச்சு அவன் முகத்துல அடிக்கணும். எவனாவது சிரிக்கணும். அதுவரைக்கும் வேற சோலி கிடையாதுன்னு வச்சுக்கிட்டேன்.

ஷெரின்ட்ட புஸ்தகம் வாங்கி அனுப்பச் சொன்னேன். எல்லாம் இங்கிலீஷ். தலகாணி மாதிரி ஒவ்வொண்ணும். டிக்சனரியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்தேன். மொத மாசம் ஒண்ணும் புரியலை, சொல்லுததுக்கு என்ன. இந்த மண் அடுக்கு, அந்த மண் அடுக்குன்னு தலை சுத்துது. பொறவு பிடிபட்டுச்சு. பானை ஓட்டை வச்சு எப்படிக் காலம் சொல்லுதாங்க, ஒரு அடுக்குக்குக் கீழ கெடக்கது ஏன் அதைவிடப் பழசு, எல்லாம் பிடிபட்டுச்சு. அந்த எரிகோ அம்மையார் இருக்காங்கல்லா, பேண்ட் சட்டை போட்டுக்கிட்டு, கூட வேலை செய்யுத ஆம்பிளைகளை எல்லாம் அதட்டிக்கிட்டு, மண்ணைச் செங்குத்தா வெட்டி, ஒவ்வொரு கோட்டையும் பாத்துப் பாத்துப் படம் போட்டிருக்காங்க. கெட்டிக்காரி. கெட்டிக்காரியைக் கெட்டிக்காரின்னு சொல்லணும்லா. அவங்க சொன்னது சரிதான். எங்க ஐயர் சொன்னது தப்புதான். தப்பாவே இருக்கட்டும். அதைச் சொல்ல இவன் யாரு? அதுதான் என் கேள்வி. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல.

பெண்கள் ஐக்கியத்துக்குப் போறதை விட்டேன். சாயங்காலம் யாராவது ஆறுதல் சொல்ல வந்தா, "வேலை இருக்கு, பொறவு வாங்க" அப்படிம்பேன். ஷெரின் மாசமா இருந்தா, தலைப்பிரசவம். பெங்களூருக்கு வந்து இரும்மான்னு கூப்பிட்டா. "எனக்கு அசீரியா ராஜாக்கள் இன்னும் முடியலை, நீ உன் மாமியாரைக் கூப்பிட்டுக்கோ" அப்படின்னுட்டேன். போனை வச்சுட்டா. பேரப்பிள்ளையைப் போட்டோவுலதான் பாத்தேன். நல்லா இருக்கான். அவுக மூக்கு.

என்னென்ன இருக்கு தெரியுமா அதுக்குள்ள! மோவாப் நாட்டு ராஜா ஒருத்தன் கல் நட்டு வச்சிருக்கான், இஸ்ரவேலை நான் ஜெயிச்சேன்னு, கர்த்தருடைய பேரே அதுல இருக்கு. வடக்க ஒரு இடத்துல உடைஞ்ச கல்லுல தாவீதின் வீடுன்னு எழுதியிருக்கு. அதுவரைக்கும் தாவீதுன்னு ஒரு ராஜா இருந்ததுக்கு வெளிச் சாட்சியே கிடையாதுன்னு பேசுனவங்க எல்லாம் வாயை மூடிக்கிட்டாங்க. பொறவு எருசலேம்ல ஒரு சுரங்கம். ஊருக்குள்ள தண்ணி கொண்டு வாறதுக்கு மலையைக் குடைஞ்சிருக்காங்க. ரெண்டு முனையில இருந்தும் குடைஞ்சுக்கிட்டே வந்தவங்க, நடுவுல கொஞ்சம் பாறை மிச்சம் இருக்கும்போது, அந்தப் பக்கத்து ஆள் கூப்பிடுத குரல் இந்தப் பக்கத்து ஆளுக்குக் கேட்டுதாம். அதை எழுதி வச்சிருக்காங்க சுவத்துல. ராஜா பேரைக்கூட எழுதலை, இதை எழுதியிருக்காங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. யார்ட்டயாவது சொல்லணும் போல இருந்துது. வீட்டுல யாரு இருக்கா?

சரி, சறுக்குன இடத்துக்கு வாறேன். அவன் தன் பாடத்தை எல்லாம் ஒரு சின்னப் புஸ்தகமா அச்சடிச்சு வித்தான். வாங்கி வரி வரியாப் பாத்தேன். எகிப்து ராஜா ஒருத்தன் கல்லுல, இஸ்ரவேலுங்கற பேரு இருக்கு. நமக்குக் கிடைச்சதுலயே பழசு அதுதான். அவங்களை வித்தே இல்லாம அழிச்சுட்டேன்னு பெருமை அடிச்சிருக்கான் அந்த ராஜா. அழிச்சானா, அது வேற விசயம். எகிப்து எழுத்துல ஒரு பழக்கம் உண்டு. ஒரு பேரை எழுதினா, அது நாடா, ஆளா, சனமான்னு தெரியுததுக்குப் பின்னால ஒரு படம் போடுவாங்க. இவன் புஸ்தகத்துல, இஸ்ரவேல் பேருக்குப் பின்னால நாட்டுக்கு உண்டான படம் இருக்குன்னு எழுதிட்டான். அதனால அப்பவே அவங்களுக்குன்னு ஒரு நாடு, எல்லை எல்லாம் இருந்திருக்கும்னு ஒரு பாரா. தப்பு! சுத்தத் தப்பு! மத்த பேருக்கெல்லாம் நாட்டுப் படம். இஸ்ரவேலுக்கு மட்டும் ஒரு ஆம்பிளை, ஒரு பொம்பளை, கீழ மூணு கோடு. சனம்னு அர்த்தம். நாடு இல்ல, ஊர் இல்ல, சும்மா சனம். நாலு புஸ்தகத்துல பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன். அன்னைக்கு எனக்குக் கறி வாங்கிச் சமைக்கணும் போல இருந்துது. சமைச்சேன்.

அடுத்த நவம்பர் கன்வென்ஷனுக்கு அவனையே திரும்பக் கூப்பிட்டாங்க. நான் வெள்ளைச் சேலை கட்டி, அந்தக் கல்லுப் படம் உள்ள புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு முன் பெஞ்சுல போய் உக்காந்தேன். கேள்வி நேரம் வந்ததும் எந்திரிச்சேன். "டாக்டர் சைலஸ், நீங்க கல்லுல உள்ளதைப் படிச்சு எழுதினீங்களா, இல்ல, படிக்காமலே எழுதினீங்களா?" அப்படின்னு ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் சொன்னேன். "நாட்டுப் படம் எங்க இருக்குன்னு காட்டுங்க. ஒரு ஆணும் பெண்ணும் உக்காந்திருக்கது உங்க கண்ணுக்குத் தெரியலையா? ஊர் ஊராப் போய் அடுத்தவங்க தப்பைச் சொல்லுததுக்கு முன்னால, நம்ம வீட்டைக் கூட்டிப் பெருக்கணும்லா?" புஸ்தகத்தை விரிச்சு, படம் இருக்க பக்கத்தைச் சபைக்குத் தூக்கிக் காட்டுனேன்.

அவன் கீழ எறங்கி வந்தான். "புஸ்தகத்தைக் கொஞ்சம் தாங்கம்மா" அப்படின்னான். வாங்கி அந்தப் படத்தைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். மூஞ்சி விழும், விழும்னு பாத்துக்கிட்டே நிக்கேன். விழலைம்மா! சிரிக்கான்! கேலிச் சிரிப்பு இல்ல. தொலைஞ்ச சாவி கிடைச்சவன் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "அம்மா சொல்லுதது சரி. நான் எழுதினது தப்பு. அந்தத் தப்பை வச்சு ஒரு பாராவே கட்டிட்டேன், அந்தப் பாராவும் நிக்காது" அப்படின்னு மைக்குல சொல்லுதான். "என் புஸ்தகம் வச்சிருக்கவங்க எல்லாரும் இப்பவே எடுத்து அடிச்சுட்டு, அம்மா சொன்னதை எழுதிக்கோங்க." சனம் பேனாவைத் தேடுது. எழுதி முடிச்சுட்டுக் கை தட்டுனாங்க. யாருக்கு? எனக்கா? அவனுக்கு! தப்புப் பண்ணினவனுக்குக் கை தட்டுத சபையை எங்கயாவது பாத்திருக்கியா? எங்க ஊரு மூப்பர், கேட்டாரே எரிகோ கேள்வி, அவரு வந்து "ஐயரம்மா, மனுசன்னா இப்படி இருக்கணும்" அப்படிங்கார். எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

இன்னொண்ணும் சொன்னார் அந்த மூப்பர். "நீங்க சொன்னபடி பாத்தா, அன்னைக்கு அவங்களுக்கு நாடே இல்லையே, அப்ப யோசுவா பிடிச்சதெல்லாம் என்ன ஆச்சு? ஐயர் சொன்னதுக்கு இது இன்னும் எதிரால்லா போகுது?" அப்படின்னார். என்ன கேள்வி இது? நான் சைலஸ் தப்பைச் சொன்னேன். அது எந்தப் பக்கம் போனா எனக்கென்ன?

மறுநாள் காலையில வீட்டுக்கு வந்துட்டான், பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு. ஷீபான்னு பேரு. வாயில்லாத பிள்ளை மாதிரி இருந்தா. வாசல்ல வந்தவங்களை என்ன செய்ய? டீ போட்டேன். சர்க்கரை போடாமக் குடுத்தேன், அவனுக்கு மட்டும். ஒரு சொட்டு விடாமக் குடிச்சுட்டு, "நல்லா இருக்கும்மா" அப்படின்னான். எங்க ஐயர் போட்டோவுக்கு முன்னால கொஞ்ச நேரம் நின்னான். பொறவு மேசையில கெடந்த புஸ்தகங்களைப் பாத்துட்டான். "சுரங்கக் கல்வெட்டு படிச்சீங்களா?" அப்படின்னு கேட்டான். படிச்சேன்னேன். "அந்தக் குரல் கேட்ட இடம்…" அப்படின்னு இழுத்தான். "ஆமா" அப்படின்னேன். அவ்வளவுதான் பேசினது. இல்ல, கொஞ்சம் பேசினோம். மத்தியானம் ஆயிட்டு. ஷீபாதான் அடுக்களையில போய்ச் சோறு வச்சா. போகும்போது, "எங்க பாடசாலைக்கு வந்து பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுங்கம்மா. இப்படிப் படிக்கவங்க எங்கள்ல கிடையாது" அப்படின்னான். வகுப்பு எடுக்கணுமாம்! என்னை விலைக்கு வாங்கப் பாக்கான், எனக்குத் தெரியாதா? கதவைச் சாத்துனேன்.

அப்பதான் புரிஞ்சுது. இவனை அறிவால அடிக்க முடியாது. அடிச்சா நன்றி சொல்லுத ஆளை என்ன செய்ய? வேற வழியிலதான் போகணும்.

திருமண்டலத்துக்கு, அதான் எங்க சபைகளுக்கெல்லாம் மேல உள்ள தலைமைக்கு, மனு எழுதினேன். நான் பொய் எழுதலை, கேட்டுக்கோ. ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவன் எழுதினதையே எழுதினேன். அவன் புஸ்தகத்துல ஒரு இடத்துல, பாலைவனத்துல கிடைச்ச பானையில கர்த்தர் பேரோட அசேராங்கற பேரும் எழுதியிருக்குன்னு இருக்கு. அசேரான்னா பழைய கானான் நாட்டு அம்மன். அதே வாக்கியத்துல அவன் மேக்கொண்டு எழுதியிருக்கான், தீர்க்கதரிசிகள் எதைக் கண்டிச்சாங்களோ அது நாட்டுல நெசமாவே நடந்துதுன்னு இந்தப் பானை சாட்சி சொல்லுது, அதனால வேதம் சொல்லுததுக்கு இது பலம்தான், அப்படின்னு. நான் பாதியில நிறுத்திக்கிட்டேன். வாக்கியம் நீளமா இருந்துது. எரிகோவுக்கும் அப்படித்தான். மதில் கிடைக்கலைங்கற வரைக்கும் எழுதினேன். அடுத்தது எதுக்கு? மனுன்னா சுருக்கமாத்தான் இருக்கணும்.

அது லே செயலர் கைக்குப் போச்சு. லே செயலர்னா சபை மக்கள்ல இருந்து தேர்தல்ல வாறவர், ஜெயக்கொடின்னு பேரு, ஸ்கூல் கட்டடம் எல்லாம் கான்ட்ராக்ட் எடுக்கவர். அவர் மருமகன் ரொம்ப நாளா அந்தப் பாடசாலை வேலைக்குக் கண்ணு வச்சுக்கிட்டு இருக்கான்னு ஊர்ல பேச்சு. அது எனக்கு எதுக்கு? மனு கிடைச்ச அன்னைக்கே போன் பண்ணி, "டீச்சர், நீங்க ஒரு தெபோராள்" அப்படின்னார். தெபோராள்னா வேதத்துல யுத்தத்துக்குப் போன அம்மா.

இன்னைக்குத்தான் விசாரணை. பெரிய மேசை. நடுவுல ஜெயக்கொடி, இந்தப் பக்கம் ஒரு வயசான ஐயர், அந்தப் பக்கம் ஒரு வக்கீல். சைலஸ் எனக்கு எதிர்த்த நாற்காலியில. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு "வாங்கம்மா" அப்படின்னான். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்தேன்.

ஜெயக்கொடி மனுவைப் படிக்கார். அசேராவை "ஆசிரியா", "ஆசிரியா" அப்படின்னே படிக்கார். எனக்குக் கூசுது. பொறவு சைலஸைப் பாத்து ஆரம்பிச்சார். "கல்லு, ஓடு, பானைன்னு இந்தக் குப்பையை எல்லாம் எதுக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கீரு? எகிப்துல இஸ்ரவேல் பேரு போட்ட கல்லே கிடையாது. அதெல்லாம் வெள்ளைக்காரன் காசுக்காகச் செதுக்கி வச்சது. தாவீது கல்லும் அப்படித்தான். எனக்கு எல்லாம் தெரியும்."

என்னால பொறுக்க முடியலை. "என்ன அண்ணாச்சி பேசுதீங்க?" அப்படின்னு கேட்டுட்டேன். "அந்தக் கல்லைத் தோண்டி எடுத்த கதை தெரியுமா உங்களுக்கு? தாவீது கல் கிடைச்சது மதில் சுவத்துக்குள்ள, பழைய கல்லோட கல்லாப் பதிச்சு. மேல மண்ணு மூடிக் கெடந்துது. பொய்யாச் செதுக்குதவன் அங்க கொண்டு போய் எப்படி வைப்பான்?" நிறுத்த முடியலைம்மா. மோவாப் கல், சுரங்கம், எல்லாம் சொல்லுதேன். அடுக்குன்னா என்னன்னு மேசையில இருந்த ஃபைலை ஒண்ணு மேல ஒண்ணா வச்சுக் காட்டுதேன். அந்த வயசான ஐயர் கண்ணாடியைக் கழத்திட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கார். ஒரு இடத்துல ஒரு ராஜா பேரு சட்டுன்னு வரலை. சைலஸ் மெதுவா எடுத்துக் குடுத்தான். "ஆமா, அவன்தான்" அப்படின்னு சொல்லிட்டு மேல போயிட்டேன்.

வக்கீல் மட்டும் ஒண்ணும் புரியாம முழிச்சுக்கிட்டு இருந்தார். "டீச்சர், நீங்க மனு குடுத்தது இவருக்கு எதிராவா, ஆதரவாவா?" அப்படின்னார். "எதிராத்தான்" அப்படின்னேன். "அப்ப ஒரே ஒரு கேள்வி. எரிகோ மதில் கிடைச்சாச்சுன்னு உங்க வீட்டுக்காரர் பிரசங்கம் பண்ணியிருக்காங்க. இவரு கிடைக்கலைங்கார். நீங்க இவ்வளவு படிச்சிருக்கீங்க. யார் சொல்லுதது உண்மை?"

எல்லாரும் என்னையே பாக்காங்க. மேல ஃபேன் ஓடுது. சைலஸும் பாக்கான். அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு. அந்த அறையில எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

"எங்க ஐயர் சொன்னதுதான் உண்மை" அப்படின்னேன். "மதில் கிடைச்சாச்சு. விழுந்த மேனிக்குக் கெடக்கு."

என் உள்ளங்கை மேசையில விழுந்த சத்தம் எனக்கே கேட்டுது.

வக்கீல் சைலஸைப் பாத்து, "சாட்சியை ஏதாவது கேக்கணுமா?" அப்படின்னார். கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி போதும், எந்தப் புஸ்தகத்துல, எத்தனாம் பக்கம்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அவன் என் கையைப் பாத்தான். "இல்லைங்க. அம்மா அவங்க வீட்டுக்காரருக்காகப் பேசுதாங்க. எனக்குக் கேள்வி இல்ல" அப்படின்னுட்டான். பாத்தியா திமிரை? கடைசி வரைக்கும் எனக்கு இரக்கம் காட்டுதானாம்!

அரை மணி நேரத்துல முடிஞ்சு போச்சு. இனி அவன் பாடம் எடுக்கக் கூடாது. புஸ்தகம் விக்கக் கூடாது. மலையோரத்துல, ரப்பர் தோட்டத்துக்குள்ள ஒரு சின்ன சபை இருக்கு, முப்பது குடும்பம். அங்க மாத்தம். ஜெயக்கொடி எனக்குக் கும்பிடு போட்டார். "மருமகன்ட்ட சொல்லி உங்களுக்கு வண்டி அனுப்புதேன்" அப்படின்னார். வேண்டாம், பஸ்ல போறேன்னுட்டேன்.

வெளிய வேப்பமரத்தடியில ஷீபா நின்னுக்கிட்டு இருந்தா. உள்ள விடலை போல. சைலஸ் ஏதோ கையெழுத்துப் போட நின்னுட்டான். அவ நேரா என்கிட்ட வந்தா. வாயில்லாத பிள்ளைன்னு சொன்னேம்லா? வாய் இருக்கு. "ஐயரம்மா, உங்க வீட்டுல நான் சோறு வடிச்சேன். சாப்பிட்டுட்டு, அம்மை போலப் பேசுனீங்க. உங்க ஐயர் உசுரோட இருந்திருந்தா இன்னைக்கு உங்களை இங்க வந்து இப்படிப் பேச விட்டிருப்பாங்களா?" அப்படின்னு கேட்டா. அழலை அவ. நேரா என் கண்ணைப் பாத்துக் கேட்டா.

நான் என்ன விட்டுருவேனா? "அவுக உசுரோட இருந்திருந்தா நான் ஏண்டி இங்க வரப் போறேன்?" அப்படின்னு கேட்டேன்.

சரியான பதில்தான, நீயே சொல்லு. என் கையைப் பிடிக்க வந்தா. நான் உதறிட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்தேன்னு தெரியலை, ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன். நெனைச்சதை முடிச்சாச்சுல்லா, அந்த நிம்மதி. அசதியும்தான். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, இதுக்காகவே எந்திரிச்சு, இதுக்காகவே படுத்து.

ஆனா ஒண்ணு பாரு. அந்த ஜெயக்கொடி. என்ன வார்த்தை சொன்னான்! குப்பையாம். செதுக்கி வச்சதாம். எனக்கு எல்லாம் தெரியும்ங்கான், ஒரு வரி ஒழுங்காப் படிக்கத் தெரியாது. அவன் மருமகன் பாடசாலையில உக்காந்து பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பான்? மண்ணாங்கட்டியைத்தான் சொல்லிக் குடுப்பான். இவனைச் சும்மா விடலாமா? நீயே சொல்லு. எபனேசர்புரத்துல எறங்குததுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துருவேன். இவனை மேசையில இருந்து எறக்கணும். அந்தக் கல்லு ஒவ்வொண்ணும் நெசம்னு, எல்லாச் சபைக்கும் போய்ச் சேருத மாதிரி, ஒரு பய மறுத்துப் பேச முடியாதபடி எழுதணும்.

அதுக்கு ஒண்ணு ரெண்டு சந்தேகம் கெடக்கு எனக்கு. தாவீது கல்லுல ஒரு எழுத்தைப் பத்தி ரெண்டு விதமாச் சொல்லுதாங்க. இங்க வேற யாருக்கும் அது தெரியாது. சைலஸுக்குத்தான் தெரியும். நம்பர் இருக்கு, அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப அவனே குறிச்சுக் குடுத்தான். இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான். சாமான் கட்டிக்கிட்டு இருப்பான்.

எடுப்பான்லா? நீ என்ன நினைக்க? கூப்பிட்டா எடுப்பான்லா?